உத்தியோக மாற்றமும் தன்வளர்ச்சியும்: தென்னார்க்காட்டு வரலாறொன்று

ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுதல் என்னும் பழமொழிக்கு மூலமாகச் சொல்லப்படும் ஊர் நம் விருத்தாசலமாம். திருமுதுகுன்றத்து இறைவன்பால் பன்னீராயிரம் பொன் பெற்ற சுந்தரமூர்த்தி நாயனார், அதனை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது புராணச் செய்தி. உலகத்தார் அப்பழமொழியை அறிவிலார் செயலுக்கு உவமையாக வழங்குகின்றனர். நாயனார் இட்ட பொன் குளத்திற் கிடைத்தது என்பதை மட்டும் ஏனோ மறந்துவிடுகின்றனர்.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இக்காலத்து இப்பழமொழியே வழக்காடுகின்றது. நெய்வேலிச் சுரங்கத்து மேல்மண்ணிற் கிடைத்த வெண்களிமண்ணும், இங்கு அமைந்த செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் கல்லூரியும் சேர்ந்து நம்மூரைப் பீங்கான் ஊர் ஆக்கின. பொம்மையும் அகலும் பியூஸ் கேரியரும் வார்க்கும் சூளைகளில் வேலை கற்ற இளைஞன் ஒருவன், ஈராண்டு மூவாண்டு கழிந்தபின், குஜராத்தின் மோர்பி நகரத்து ஓட்டுத் தொழிற்சாலைக்கோ வேறொரு தொழிலுக்கோ போக விரும்புகின்றான். தந்தையார், 'இருக்கிற சோற்றைத் தட்டிவிட்டுப் பறக்கிற சோற்றைப் பிடிக்கப் போகிறாயோ?' என்கின்றார். தாயார் ஒன்றும் பேசாது கண்ணீர் வடிக்கின்றார். எவர் பக்கம் நியாயம்?

இவ்வினாவிற்கு ஒளி தரும் வரலாறொன்று நம் பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே நிகழ்ந்துள்ளது. அந்த ஜில்லா 1993ஆம் ஆண்டிற் கடலூர் என்றும் விழுப்புரம் என்றும் பிரிந்தது. பின்னர் 2019இல் கள்ளக்குறிச்சியும் தனியாயிற்று. எனினும் 1910ஆம் ஆண்டில் விருத்தாசலமும் திருக்கோவலூரும் ஒரே ஜில்லாவின் இரு தாலுகாக்களாகவே இருந்தன. அவ்வாண்டிற் கும்பகோணத்திலிருந்து இளைஞர் ஒருவர் விழுப்புரம் வழியாகத் திருக்கோவலூர் வந்து இறங்கினார். வயது இருபத்திரண்டு. கல்லூரிப் பரீட்சையிற் கணிதம் நீங்கலாகப் பிற பாடங்களில் மீண்டும் மீண்டும் தவறியவர். 1909இல் மணம் முடித்தவர். கையில் இருந்தவை கணிதச் சூத்திரங்கள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களே. அவர் தேடி வந்தது டிப்டி கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயரை. கேட்டதோ, தாலுகாக் கச்சேரியில் ஒரு குமாஸ்தா வேலை. அவ்விளைஞரே பின்னாளில் உலகம் போற்றிய சீனிவாச ராமானுஜன் ஆவார்.

ராமசுவாமி ஐயர் 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தோற்றுவித்தவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், வேலை கொடுக்க மறுத்துவிட்டார். இத்தகைய அறிவை ரெவினியூ இலாகாவின் கடைப்படியில் அமர்த்தி நசுக்கிவிடத் தமக்கு மனம் ஒப்பவில்லை என்பது அவர் பின்னாளிற் கூறிய காரணம்.

இங்கே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். பசித்து வந்தவனிடம், 'உன் அறிவு பெரிது, ஆகவே உனக்கு வேலை இல்லை' என்பது புகழ்ச்சியா, கொடுமையா? அவர் அவ்வளவில் நின்றிருந்தாற் கொடுமையே ஆகும் என்பது எம் துணிபு. ஆனால் அவர் வெறுங்கையோடு அனுப்பினாரல்லர். சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். அக்கடிதவழியே பேராசிரியர் பி. வி. சேஷு ஐயரையும், அவர் வாயிலாக நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவையும் ராமானுஜன் அடைந்தார். ராவ் முதலில் ஐயுற்றார், பலமுறை கண்டு பேசியபின் தெளிந்தார், மாதம் ரூ. 25 தம் கையிலிருந்து உதவி வந்தார். 1911இல் ராமானுஜனுடைய முதற்கட்டுரை கணிதச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

பிறர் கொடையில் நெடுநாள் வாழ ராமானுஜன் விரும்பவில்லை. 1912இன் தொடக்கத்திற் சென்னை அக்கவுண்டன்ட் ஜெனரல் கச்சேரியில் ரூ. 20 சம்பளத்திற் சில வாரங்கள் தற்காலிக வேலை பார்த்தார். அவ்வாண்டு மார்ச்சு 1ஆம் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டிற் கணக்குப் பகுதிக் குமாஸ்தாவாக ரூ. 30 சம்பளத்தில் அமர்ந்தார்.

இத்துறைமுகக் கச்சேரியைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டும். முப்பது ரூபாய் அக்காலத்தும் பெருஞ்சம்பளமன்று. ஆயினும் அங்கே ராமானுஜன் பெற்றவை இரண்டு. முதலாவது ஓய்வு நேரம். கச்சேரி வேலையை விரைவில் முடித்துவிட்டு எஞ்சிய போதில் அவர் கணிதம் எழுதுவதை மேலதிகாரிகள் குற்றமாகக் கொள்ளவில்லை. பொருள்களைச் சுற்றி வந்த தாள்களிலும் அவர் கணக்கிட்டார் என்பர். இரண்டாவது, தம் அறிவை உணர்ந்த மேலதிகாரி. எஸ். நாராயண ஐயர் என்பார் அக்கச்சேரியில் உயர்நிலைக் கணக்கர். தாமும் கணிதம் வல்லவர். கணிதச் சங்கத்தின் பொருளாளர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டுப் பலகை கொண்டு கணக்குகளை ஆராய்வர். டிரஸ்டின் தலைவராகிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையும் ஆதரவு காட்டினார். ராமானுஜன் 1913 ஜனவரி 16இல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குப் புகழ்பெற்ற கடிதத்தை எழுதியது இந்தக் குமாஸ்தா நாற்காலியில் இருந்த காலத்திலேதான். தாம் ஆண்டுக்கு இருபது பவுன் பெறும் குமாஸ்தா என்பதை அக்கடிதத்தில் மறையாது எழுதினார்.

அடுத்த மாதம் ஹார்டியின் விடை வந்தது. அதே மாதத்தில் வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்து அவருடைய நோட்டுப் புத்தகத்தைக் கண்டு சர்வகலாசாலைக்குப் பரிந்துரைத்தார். 1913 மே மாதம் முதல் சென்னைச் சர்வகலாசாலை மாதம் ரூ. 75 ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மூன்று மாதத்திற்கொருமுறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும் என்பதே நிபந்தனை. 1914 மார்ச்சு 17இற் கப்பலேறினார்.

இதனாற் பெறப்படுவது யாது? இருபதிலிருந்து முப்பதுக்கும், முப்பதிலிருந்து எழுபத்தைந்துக்கும் சம்பளம் ஏறியதை எண்ணி நம் இளைஞர் மகிழலாம். ஆனால் உயர்வின் அளவு அதுவன்று. ஒவ்வொரு மாற்றத்திலும் கணிதத்திற்குக் கிடைத்த பொழுது பெருகியது. விருத்தாசலத்துச் சூளையை விட்டு வேறிடம் செல்ல எண்ணுகின்றவனும் இதனையே கேட்டறிதல் நலம். புதிய இடத்தில் மெருகுக் கலவை கூட்டுவதைக் கற்பிப்பார்களா, அன்றி மூன்றாண்டும் அச்சு தூக்க வைப்பார்களா? சூளையின் வெப்பத்தை அளக்கும் பொறுப்பைத் தருவார்களா, மேஸ்திரியே அதனை மறைத்து வைத்துக்கொள்வாரா? இரண்டாயிரம் ரூபாய் கூடுதற் சம்பளம் இக்கேள்விகளுக்கு விடையாகாது.

பீங்கான் தொழிலிலேயே இதற்குச் சான்றுண்டு. இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் (1730-1795) தமையனிடம் தொழில் பயின்றார். பயிற்சி முடிந்தபின் தமையனார் அவரைக் கூட்டாளியாகச் சேர்க்க மறுத்தார். வேறோரிடத்திற் சிறிது காலம் இருந்து, 1754இல் தாமஸ் வீல்டன் என்னும் தேர்ந்த குயவரோடு கூட்டுச் சேர்ந்தார். வீல்டன் அவருடைய சோதனைகளுக்கு இடங்கொடுத்தார். ஐந்தாண்டு கழித்து 1759இல் தனித்தொழில் தொடங்கியபோது, தாம் செய்த கலவைச் சோதனைகளை எண்ணிட்டு எழுதிய ஏடு வெட்ஜ்வுட்டின் கையில் இருந்தது. 1783இல் இராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். சூளை வெப்பத்தை அளக்கும் கருவியைச் செய்ததே அச்சிறப்பிற்குக் காரணம். குயவர் மரபில் தோன்றிய ஒருவர் அறிஞர் சபையில் அமர்ந்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் தகும்.

சம்பளங் குறைய மாறினவரும் உளர். சி. வி. ராமன் 1907இல் நிதி இலாகாப் பரீட்சையில் முதலாகத் தேறி, கல்கத்தாவில் உயர்ந்த உத்தியோகத்தில் அமர்ந்தவர். காலையும் மாலையும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் கூடத்தில் ஆராய்ச்சி செய்தார். பத்தாண்டுக்குப்பின் 1917இல், அரசாங்க வேலையைத் துறந்து, அதனிலும் குறைந்த வருவாயுள்ள பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். ஆயினும் அப்பத்தாண்டும் அவர் இருவேலை பார்த்தார் என்பதை மறத்தலாகாது. விட்டுவிட்டுத் தேடினாரல்லர், தேடிக் கண்டபின் விட்டார்.

மற்றொன்றும் வெளிப்படையாகக் கூறுதல் நம் கடமை. ராமானுஜனுக்காகக் கடிதம் எழுதிய ராமசுவாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், நாராயண ஐயர் ஆகியோர் கச்சேரியிலும் கல்லூரியிலும் ஒருவரையொருவர் அறிந்த ஒரு வட்டத்தினர். அவர்களை நாம் குறை கூறவில்லை. அவர்கள் செய்தது பெருந்தொண்டு. ஆனால் அக்காலத்து நம்மனையார் வீட்டுப் பிள்ளை ஒருவன் அவ்வாறு நோட்டுப் புத்தகத்தோடு புறப்பட்டிருந்தால், எந்த டிப்டி கலெக்டர் வாயிற்படியில் நிறுத்தப்பட்டிருப்பான்? எவர் கடிதம் கொடுத்திருப்பர்? சங்கம் என்று ஒன்றை நம் முன்னோர் கூட்டியது திருமண மண்டபம் கட்டுவதற்கு மட்டுமா என்று அங்கத்தினர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தொழிற்சாலைகளிற் பொறுப்பில் உள்ள நம்மவர், ஆண்டுக்கு ஓர் இளைஞனுக்கேனும் தம் பெயரிட்டு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதுவாராயின், அதற்குப் பணச்செலவும் இல்லை.

பயணத்தின் விலையையும் சொல்லாமல் விடலாகாது. ராமானுஜன் இங்கிலாந்தில் ஐந்தாண்டு இருந்தார். 1918இல் இராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். அதற்கு முன்னரே நோய்வாய்ப்பட்டிருந்தார். 1919இல் மெலிந்த உடலோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26இல் முப்பத்திரண்டாம் வயதிற் காலமானார். வேலை மாறுகின்றவன் ஒருவனே எனினும், அம்மாற்றத்தைச் சுமப்பவர் பலர். அவர் மனைவி ஜானகி அம்மாள் அப்போது இளம்பெண். மறைந்த கணவரின் புகழ் அடுப்பை எரிக்காது. அவர் தையற்கலை கற்று, சென்னைத் திருவல்லிக்கேணியில் துணி தைத்துக் கொடுத்துத் தம் வாழ்வை நடத்தினார். பெற்றோரை இழந்த ஒரு சிறுவனையும் எடுத்து வளர்த்துப் படிக்க வைத்தார். 1994ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.