காண்பவர்க்கும் கேட்பவர்க்கும்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று ஒலிக்கத் தொடங்கியது. பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தாருக்கு நெடுங்காலம் வெளியுலகின் வாசல் அதுவே. சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும் நாள்களில், மைதானத்தையே கண்டிராத நம் ஊர்க்காரர்கள் தேநீர்க்கடை டிரான்சிஸ்டரைச் சூழ்ந்து நின்று ஆட்டத்தைக் 'கண்டார்கள்'. அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி ஆகியோரின் குரல்களே அவர்களுக்குக் கண்கள்.

நேர்முக வர்ணனையின் தொடக்கமே கண்ணற்றவரை முன்னிறுத்தியது. 1927 ஜனவரி 15 அன்று இங்கிலாந்து - வேல்ஸ் ரக்பி ஆட்டத்தைப் பிபிசிக்காக வர்ணித்த வேக்லம், அருகே அமர்த்தப்பட்டிருந்த பார்வையற்ற ஒருவருக்குச் சொல்வதுபோலப் பேசினார் என்பர். நமக்கு இது புதிதன்று. குருச்சேத்திரத்தைத் திருதராட்டிரனுக்குச் சொன்ன சஞ்சயன் செய்ததும் இதுதானே?

ஆனால் தமிழில் இன்னொரு மரபும் உண்டு. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவலைத் தோழி தலைவிக்கு வர்ணிக்கிறாள். தலைவியோ குருடியல்லள்; அவளும் களத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆகவே தோழி நிகழ்வைச் சொல்வதோடு நிற்பதில்லை. 'காண்' என்று சுட்டிவிட்டு உவமைக்குத் தாவுகிறாள். வீரனைக் காளை குத்திக் குலைக்கும் காட்சி, திரௌபதியின் கூந்தலைப் பற்றியவனின் நெஞ்சைப் பிளந்த வீமனை நினைவூட்டுகிறது. கண் காணாத ஒன்றைக் காட்சியோடு சேர்ப்பதே அவள் பணி.

சஞ்சயன் வானொலிக்கு முன்னோன் எனில், தோழி தொலைக்காட்சிக்கு முன்னோள். முன்னவனுக்குச் சொல் குறைந்தால் களமே மறைந்துவிடும்; பின்னவளுக்குச் சொல் மிகுந்தால் காட்சி கெடும்.

1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் இலக்கு 271. பெரம்பலூரில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தோம். மின்சாரம் போயிற்று. வானொலியைத் திருகினோம். 136 ஓட்டங்களுடன் டெண்டுல்கர் வீழ்ந்தபோது வர்ணனையாளரின் குரல் ஒரு கணம் நின்றது. அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கானோரின் மௌனம் கேட்டது. அப்போது இன்னும் 17 ஓட்டங்களே தேவை. 4 ஓட்டங்களுக்குள் எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் சரிந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி. அன்று நாம் இழந்த காட்சி எதுவும் நினைவில் குறையாக இல்லை. கேட்ட மௌனம்தான் இன்றும் நிற்கிறது.

இலங்கை வானொலி நாடகங்களில் குரல் பயின்ற ஜப்பார் 2020 டிசம்பரில் மறைந்தார். அவர் தலைமுறையினர் பந்தின் போக்குக்கும் மட்டையின் வீச்சுக்கும் அந்தந்த நொடியிலேயே தமிழ் வினைச்சொல் தேடியவர்கள். எழுதி அடித்துத் திருத்த அவர்களுக்கு நேரமில்லை. இன்று தமிழிலேயே தொலைக்காட்சி வர்ணனை வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் திரையில் ஓடும் பந்தையே திரும்பச் சொல்லும் குரலைக் கேட்கையில், அங்கே சஞ்சயனும் இல்லை, தோழியும் இல்லை என்றே தோன்றுகிறது. தமிழில் பேசுவது முதற்படி. எதைப் பேசாமல் விடுவது என்பதை முல்லைக்கலியிலிருந்து கற்கலாம்.