மாட்டிடம் சொன்னது

என் பழைய போனில் பதினோரு நிமிட ஒலிப்பதிவு ஒன்று கிடக்கிறது. 2016 பொங்கலுக்குப் பாகூர் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது எடுத்தது. ஆயாவிடம் 'பிரெஞ்சுக்காரன் காலம்' பற்றிக் கேட்டுப் பதிந்துவைக்க வேண்டும் என்று ஒரு வேகம். கொஞ்சம் படித்துவிட்ட பேரப்பிள்ளைகளுக்கு வரும் வியாதிதான். நான் போனது பால் கறக்கும் நேரம். "நீ பாட்டுக்குக் கேளு, நான் கறந்துகினே சொல்றேன்" என்றாள்.

1954-இல் ஆயாவுக்குப் பன்னிரண்டு வயது. மாடு மேய்க்கிற வேலை. "ஓடைக்கு இந்தாண்ட பிரெஞ்சுக்காரன், அந்தாண்ட இந்தியா. மாடு அந்தாண்ட எறங்கிட்டா ஓட்டியாற பயமா இருக்கும். அவ்ளோதான் எனக்குத் தெரியும்." இதைத் தாண்டி இன்னும் நாலைந்து வாக்கியம் தேறும். மீதி முழுக்க ஆயா செவலையிடம் பேசியது. "தே, நில்லுடி." "கால மாத்து. மாத்து. ம்ம்." "இன்னாடி அப்டி பாக்கற? நம்ம புள்ளதான் அவன்." நடுநடுவே பாத்திரத்தில் பால் விழும் சத்தம்.

புதுச்சேரி வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு ஆயா சொன்ன ஓடை புரியும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் ஒரே துண்டாக இல்லாமல், அன்றைய தென்னார்க்காட்டு ஊர்களுக்குள் கிழிந்த துணிபோலச் சிதறிக் கிடப்பவை. தொழுவம் ஒரு நாட்டிலும் மேய்ச்சல் இன்னொரு நாட்டிலும் இருப்பது அப்போது அதிசயம் இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூருக்கு மேற்கே கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், வேண்டாம் என 8 பேர். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத எதையோ ஆயா சொல்வாள் என்று போய், மாட்டுப் பேச்சோடு திரும்பி வந்தேன். அந்தப் பேச்சை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொள்ள இரண்டு முறை முயன்றதும் உண்டு. 'இரைச்சல்' என்றுதான் அந்தக் கோப்புக்கே பெயர் வைத்திருந்தேன்.

அந்தப் பெயரை மாற்றவைத்தது முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடி. நப்பூதனார் பாடியது. போருக்குப் போன தலைவன் வருவானா என்று தெரியாமல் தலைவி தவிக்கிறாள். வீட்டுக் கிழவிகள் மழைக்கால மாலையில் நெல்லும் முல்லைப்பூவும் எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக்குப் போய் நிற்கிறார்கள். விரிச்சி கேட்பது என்று பெயர். யாரோ யாரிடமோ தற்செயலாகப் பேசும் சொல் காதில் விழும். அது நல்ல சொல்லானால் நினைத்தது நடக்கும். அப்போது அவர்கள் காதில் விழுவது ஒரு இடைச்சிப் பெண்ணின் பேச்சு. சிறு கயிற்றில் கட்டிய கன்று தாயைக் காணாமல் தவிக்கிறது. குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அவள், கோவலர் பின்னால் நின்று ஓட்டிவர உன் தாய்மார் இதோ வந்துவிடுவார்கள் என்று அதனிடம் சொல்கிறாள்.

இரண்டாயிரம் ஆண்டுக்குச் சற்று முன்னோ பின்னோ, தொழுவத்தில் ஒருத்தி கன்றிடம் பேசியது நமக்குக் கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதுதான் விஷயம். அவள் பேச்சைப் பதிவுசெய்ய யாரும் போகவில்லை. அரண்மனைக் கவலைக்கு ஒரு சகுனம் தேவைப்பட்டது. இவள் குறுக்கே வந்தாள். போர் முடிந்தால் தலைவன் வருவான், பாட்டு முடியும். கன்றின் தாய் வந்ததா என்று நப்பூதனார் சொல்லவில்லை.

அதே பாட்டில் இன்னொரு பேச்சும் உண்டு. பாசறையில் யானை கவளம் தின்னாமல் அடம்பிடிக்க, பாகர்கள் அங்குசத்தால் குத்தி, வடமொழிச் சொற்களைச் சொல்லி ஊட்டுகிறார்கள். அந்த இளைஞர்களைக் 'கல்லாதவர்' என்கிறார் புலவர். வேறு மொழி எதையும் கல்லாதவன், யானைக்காக மட்டும் நாலு சொல் வடமொழி வைத்திருக்கிறான். ஒரு மொழி இன்னொரு மொழிக்குள் நுழைவதற்கு அரசனும் புரோகிதனும்தான் வழி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். யானைக்கொட்டிலும் ஒரு வழி.

இலக்கணம் இதை எப்படிப் பார்த்தது? தொல்காப்பியத்தின் செய்யுளியல் ஒரு பட்டியல் தருகிறது. ஞாயிறு, திங்கள், கடல், மரம், பறவை, நெஞ்சு என்று போகும் அந்த வரிசையில் விலங்கும் உண்டு. இவற்றைக் கேட்பவைபோலவும் பேசுபவைபோலவும் வைத்துக் கவிதையில் பேசலாம் என்று அனுமதி. தலைவி கடலைப் பார்த்துப் புலம்புவதற்கு இது சரி. தொழுவத்துக்குச் சரிவராது. ஆயா "கால மாத்து" என்றால் செவலை காலை மாற்றும். அங்கே 'போல' கிடையாது.

சரி, எங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்லிலும் செம்பிலும் என்ன இருக்கிறது? பாகூர்ச் செப்பேடு புகழ்பெற்றது. பல்லவன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில், 9-ஆம் நூற்றாண்டில், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த சாசனம். அக்காலத்திலேயே பாகூரில் கல்லூரி இருந்தது என்று நாங்கள் இன்றும் மார்தட்டிக்கொள்வோம். மூன்று ஊர் என்றால் மூன்று ஊர் நெல். அந்த நெல்லுக்கு உழுத மாடுகளும், மாடுகளுக்குப் பின்னால் நடந்தவர்களும் இருந்திருப்பார்கள். கல்லூரியில் ஓதியது எழுத்தில் இருக்கிறது. வரப்பில் ஓதியது இல்லை.

கல்வெட்டில் விலங்குகள் வராமல் இல்லை, எண்ணிக்கையாக வரும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. கொடுத்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதுவார்கள். சாகாது, மூப்படையாது. கணக்கில் எப்போதும் 96 இருக்க வேண்டும். செத்தால் இடையன் ஈடுகட்ட வேண்டும். ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர்களுக்குக் கல்வெட்டில் 'மன்றாடி' என்றும் பெயர். மன்றாடுதலுக்கு இன்று நாம் கொள்ளும் பொருளோடு இதை முடிச்சுப் போடக் கூடாதுதான். ஆனாலும், சாகாத ஆட்டைக் கணக்குக் காட்ட வேண்டிய ஒருவன், காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு கிடாவின் முன் உட்கார்ந்து என்ன பேசியிருப்பான் என்று யோசித்தால் அந்தச் சொல் வந்து நிற்கிறது. சோழர் செப்பேடுகளில் தானம் கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண் யானையை நடத்தி எல்லை குறித்தார்கள். 'பிடி சூழ்ந்து' என்பார்கள். யானை திரும்பிய இடம் எல்லை. திரும்பு என்று பாகன் சொன்ன சொல் செம்பில் ஏறவில்லை.

ஏர் ஓட்டியவர்களின் பேச்சுக்கு இன்னொரு கணக்கு இருந்தது. எங்கள் ஊரில் பண்ணையாளாக இருந்த பெரியவர் ஒருவர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆண்டையூட்டுல நான் வாடா போடான்னு கூப்ட முடிஞ்சது அந்த ரெண்டு பேரத்தான்." இரண்டு பேர் என்றது வலத்து மாட்டையும் இடத்து மாட்டையும். ஆண்டையின் ஐந்து வயதுப் பிள்ளையைக்கூட 'சின்னய்யா' என்றுதான் கூப்பிட வேண்டும். உச்சி வெயிலில் கூழ் வராமல் போனால் நேரே கேட்க முடியாது. "பொழுது உச்சிக்கு வந்துட்சே மயில, உனக்கு வயிறு காயலியாடா" என்று மாட்டிடம் சத்தமாகக் கேட்பாராம். வரப்பில் நிற்கிறவர் காதில் விழும். விழுந்ததாக அவர் காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் கூழ் வரும். முல்லைப்பாட்டில் தற்செயலாக நடந்ததை இவர் திட்டம்போட்டு நடத்தியிருக்கிறார். டிராக்டர் வந்ததில் அந்த மனிதருக்கு வருத்தம் எதுவும் இல்லை. "அது ஒழிஞ்சது நல்லது" என்றார். மாட்டோடு பேசிய காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் (நானும்தான்) இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பேச்சு எழுத்தில் ஏறாததற்கு உதாசீனம் மட்டும் காரணம் இல்லை, எழுத்தாலும் முடியாது. வண்டி ஓட்டுகிறவர் மாட்டை முடுக்க, நாக்கைக் கடைவாய்ப் பக்கம் ஒட்டி இழுத்து ஒரு 'ட்க்' போடுவார். நான் எழுதிய 'ட்க்' அது இல்லை. தமிழின் 247 எழுத்திலும் அது இல்லை. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது தொல்காப்பியர் உந்தியிலிருந்து கிளம்பும் காற்றில் தொடங்குகிறார். இந்த ஒலிக்கு அந்தக் காற்றே வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டும் போடலாம், வாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால் போதும். தென்னாப்பிரிக்காவின் கோய்சான் மொழிகளில் இத்தகைய ஒலிகள் முறையான மெய்யெழுத்துகள். நமக்கோ அவை மாட்டோடு நின்றுவிட்டன. கோழிக்குப் 'பா பா', ஆட்டுக்கு உதடு துடிக்க 'ட்ர்ர்', நாய்க்குத் 'தோ தோ' என்று ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வீடு சுருதி மாறும். எங்கள் தெருக் கோழிகள் அடுத்த வீட்டுப் 'பா பா'வுக்குத் தலையைக்கூடத் தூக்காது.

எங்களை ஆண்டவர்களின் ஊரில் இதை ஒருவர் எழுதிவைத்தார். ஜார்ஜ் சாண்ட் 1846-இல் வெளியிட்ட 'லா மார் ஓ தியாப்ள்' நாவலின் தொடக்கத்தில் பெரி பகுதி உழவன் ஒருவன் வருகிறான். மாட்டுக்குப் பாடத் தெரியாதவன் முழு உழவன் ஆகமாட்டான் என்பது அந்த ஊர்க் கணக்கு. அந்தப் பாட்டின் சுருதியை இசைக்குறியால் பிடிக்க முடியாது என்கிற மாதிரி அவரும் அங்கலாய்க்கிறார். புதுச்சேரிக்குப் படிப்பும் சட்டமும் கொண்டுவந்த மொழியில், அதன் உழவன் மாட்டிடம் பாடியது இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். இங்கே கி. ராஜநாராயணன் இருந்தார். இடைசெவல் சம்சாரி, கடைசிக் காலத்தைப் புதுச்சேரியில் கழித்து 2021-இல் மறைந்தவர். புதுவை வட்டார நாட்டுப்புறக் கதைகளையும் தொகுத்துத் தந்திருக்கிறார். மாட்டைப் பற்றி எழுதிய கதைக்கு 'குடும்பத்தில் ஒரு நபர்' என்று தலைப்பு வைத்தவர் அவர்.

இப்போது வில்லியனூர் பக்கம் காலையில் போனால் பெரும்பாலும் ஜெர்சிக் கலப்புதான். சைக்கிளில் கேன் கட்டி பால் சொசைட்டிக்குப் போகிறார்கள். அங்கிருந்து பாண்லேவுக்கு. 'லே' என்றால் பிரெஞ்சில் பால். ஆண்டவன் போனபிறகும் பால் கொஞ்சம் பிரெஞ்சு பேசுகிறது. ஜெர்சிக்குத் தமிழ் புரியுமா என்று சின்ன வயதில் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன். "தவுடு போட்டா எல்லாம் புரியும்" என்றாள்.

விஞ்ஞானம் இதில் ஆயா பக்கம்தான். மாடு மிரண்டால் அட்ரினலின் சுரந்து பால் இறங்குவதைத் தடுக்கும். பழகிய குரல், பழகிய கை என்றால் ஆக்ஸிடோசின் சுரந்து மடி தளரும். 2009-இல் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் 516 பால்பண்ணையாளர்களிடம் விசாரித்தார்கள். மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பண்ணைகளில் ஆண்டுக்கு 258 லிட்டர் கூடுதல். பெயரால்தான் பால் என்று இல்லை. பெயர் வைக்கிறவர்கள் மற்றதையும் பார்த்துச் செய்வார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது 2020-இல் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் செய்த சோதனை. கிடேரிகளைத் தடவிக்கொடுத்துக்கொண்டே ஒருமுறை ஆள் நேரில் பேசினார், இன்னொருமுறை அதே ஆளின் பேச்சை ஒலிபெருக்கியில் போட்டார்கள். நேரில் பேசியதற்குத்தான் அவை கூடுதலாக இளகின. பதிவுக்கு மாடு முழுசாக ஏமாறாது.

மனிதர்கள் ஏமாறுவார்கள். அந்தத் தை மாதமே செவலையை விற்றுவிட்டோம். ஆயாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, சாணி அள்ளக் குனிய முடியவில்லை, தண்ணி காட்ட ஆள் இல்லை, புண்ணாக்கு விற்கிற விலைக்குக் கட்டவும் இல்லை. எல்லாக் காரணமும் நியாயமானவை. அப்பாவும் சித்தப்பாவும் பொங்கலுக்கு முன்பே பேசி முடித்து முன்பணம் வாங்கியிருந்தார்கள். கடைசி நாள்வரை ஆயாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு. எனக்கும் தெரியும். போனை எடுத்துக்கொண்டு நான் தொழுவத்துக்குப் போனபோதும் தெரியும். ஆயா 2019-இல் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகுதான் பதினோரு நிமிடத்தையும் ஹெட்போன் போட்டு, வெட்டாமல், வரிவரியாக எழுதினேன்.

ஏழாவது நிமிடத்தில் பால் சத்தம் நிற்கிறது. குரல் தாழ்கிறது. அதுவரை 'டி' போட்டுக்கொண்டிருந்தவள் அதை விட்டுவிடுகிறாள்.

"தெரியுமா ஒனக்கு? வண்டி வருதாம். எங்கிட்ட யாரும் சொல்லல. போற எடத்துல ஒதைக்காத. நான்னா உட்ருவேன். அவனுங்க அடிப்பானுங்க."

உடனே என் குரல், நன்றாகத் தெளிவாக: "ஆயா, அப்ப கவர்னர் யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"தெரியலப்பா" என்கிறாள். மறுபடி பால் விழும் சத்தம்.