தாட்சாயணி டீச்சரும் நம்ம கெமிஸ்ட்ரி லேபும்



போன சீசனில் குற்றாலத்தில் நாம் கூடியபோது, பழைய மாணவர் சங்கச் செலவில் புதுப்பிக்கும் கெமிஸ்ட்ரி லேபுக்கு யார் பெயர் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் "தாட்சாயணி வேலாயுதன்" என்றேன். "யாரு வே அது?" என்றான் பக்கத்தில் இருந்தவன். அருவிச் சத்தத்தில் விளக்க முடியவில்லை. மலர்க் குழுவினர் இடம் தந்திருப்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

கொச்சிக் காயலில் முளவுகாடு என்று ஒரு தீவு. அங்கே 1912-ல் புலையர் குடும்பத்தில் பிறந்தவர் தாட்சாயணி. அந்த ஜனங்களுக்குக் கரையில் கூட்டம் போட அனுமதி கிடையாது. அதனால் 1913-ல் வள்ளங்களை ஒன்றோடொன்று சேர்த்து, காயல் தண்ணீரின் மேலேயே மாநாடு நடத்திவிட்டார்கள்! மண்ணில் கூடினால்தானே தடை? அந்த முயற்சியில் இவர் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு. புலையர் வீட்டுப் பெண்களுக்கு அழகி, சக்கி, காளி என்று பெயர் வைப்பதுதான் வழக்கம். மேல்சாதிக்காரர் வைக்கும் தாட்சாயணி என்ற பெயரைப் பெற்றோர் வைத்ததற்கே ஊர் கேலி பேசியதாம்.

கொச்சி சமஸ்தானத்தின் உதவித்தொகையில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் வேதியியல் படித்தார். பரிசோதனை நேரத்தில், தீட்டு என்று ஒரு ஆசிரியர் இவரைக் கிட்டவே விடவில்லை. தூரத்தில் நின்று, மற்றவர்கள் செய்வதைக் கண்ணால் பார்த்தே பாடத்தைப் பிடித்துக்கொண்டு, 1935-ல் பட்டம் வாங்கினார். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் பட்டியல் சமூகப் பெண் என்று வரலாறு இவரைக் குறிக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு நம் முதலாமாண்டு லேப்தான் ஞாபகம் வந்தது. நாலு பேர் பேட்ச். பியூரெட் எப்போதும் எங்கள் கையில். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் பின்னால் நின்று ரீடிங் எழுதுவாள். யாரும் விரட்டவில்லைதான். ஆனால் "நீயும் ஒரு தடவை செய்து பாரேன்" என்று அந்த வருஷம் முழுவதும் நான் சொன்னதில்லை. ரெக்கார்டு நோட்டை மட்டும் அவளிடம் வாங்கிக் காப்பி அடித்தேன்.

தாட்சாயணி பிறகு சென்னைக்கு வந்து ஆசிரியப் பயிற்சி பெற்றார். திருச்சூர்ப் பக்கத்திலும் திருப்பூணித்துறையிலும் 1945 வரை அரசுப் பள்ளி ஆசிரியை. ஒருநாள் வயல் வரப்பில் எதிரே வந்த மேல்சாதி அம்மா ஒருவர், விலகிக் கீழே இறங்கு என்றாராம். டீச்சர் அசையவில்லை. போக வேண்டுமானால் நீங்கள் இறங்கிப் போங்கள் என்று நின்றுவிட்டார். கடைசியில் அந்த அம்மாதான் சேற்றில் இறங்கினாராம். குடும்பத்தார் பதிவு செய்திருக்கும் சம்பவம் இது.

1946-ல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்வானார். அங்கே இருந்த பெண்கள் 15 பேர். அதில் பட்டியல் சமூகத்தவர் இவர் ஒருவரே, வயது 34. தனித்தொகுதி விஷயத்தில் அம்பேத்கரோடு ஒத்துப்போகாதவர். ஆனால் 1948 நவம்பர் 29 அன்று தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது எழுந்து ஆதரித்துப் பேசினார். அன்றே நிறைவேறிய அந்தப் பிரிவுதான் இன்றைய 17-வது ஷரத்து. லேபில் எட்ட நிறுத்தப்பட்ட மாணவி, அதைக் குற்றமாக்கும் சட்டத்துக்குக் கை உயர்த்தினார். 1978-ல் காலமானார்.

"மலையாளத்து அம்மாவுக்கு இங்கே என்ன?" என்று சிலர் கேட்கலாம். 1949 முதல் 1956 அக்டோபர் கடைசிவரை கொச்சியும் நம்ம செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே மாநிலம். புளியரை தாண்டினால் அந்நிய தேசம் என்று பேசுவதெல்லாம் நேற்று வந்த பேச்சு. தமிழ்ப் பெண்மணிதான் வேண்டுமென்றால் லைப்ரரி இருக்கிறதே! ரங்கூனில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக செனட்டில் உறுப்பினராக இருந்து, ஒடுக்கப்பட்டோருக்காக உழைத்த அன்னை மீனாம்பாள் சிவராஜ் பெயரை அதற்கு வைப்போம். எனக்கு ரெட்டை சந்தோஷம்.

வெளிநாட்டிலும் இந்த வழக்கம் உண்டு. வாஷிங்டன் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1922-ல் மாணவியர் டீனாகப் பொறுப்பேற்ற கறுப்பினப் பெண்மணி லூசி டிக்ஸ் ஸ்லோ. பின்னாளில் ஒரு விடுதிக்கே அவர் பெயர் வைத்தார்கள். நம் நாட்டிலும் புனே பல்கலைக்கழகம் 2014-ல் சாவித்திரிபாய் புலே பெயரைப் பெற்றது. நாம் கேட்பது ஒரு லேப் கதவுக்கு மேலே ஒரு போர்டு, அவ்வளவுதான். உள்ளே நுழைகிற பிள்ளை "யாரு சார் இது?" என்று கேட்டால் சொல்ல நாலு வரி கீழே இருக்கட்டும். போர்டுச் செலவு என்னுடையது.

வருகிற பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டு வருகிறேன். எதிர்த்துப் பேச நினைப்பவர்கள் ஐந்தருவியில் ஒரு குளியல் போட்டுவிட்டு, சூடு தணிந்து வந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறேன்.