போலிப் பட்டயமும் பெரியவர் வாக்கும்

கோமுகி அணையை விட்டு மேலேறி, வளைவுகள் முடிந்து கரியாலூர் வந்துவிட்டால் காற்று மாறிவிடும். அங்கே ஒரு திண்ணையில், சாமை புடைத்துக்கொண்டிருந்த மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரியவர் ஒருவர் தன் வம்சக் கதையைச் சொன்னார். "நாங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க தம்பி. அண்ணன் தம்பி மூணு பேரு. சாமியையும் தூக்கிக்கிட்டுக் கிளம்பினாங்க. மலைக்கு ஒருத்தரா தங்கிட்டாங்க." மூன்று விரலை நிமிர்த்தி, ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். முறத்தை நிறுத்தாமலே அந்த அம்மாவும் தலையசைத்தார்.

கல்வராயன் மலை, சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று மலையாளிப் பழங்குடியினர் வாழும் இடங்களில் எல்லாம் சிற்சில மாற்றங்களோடு இந்தக் கதை உண்டு. இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர். மலையில் வாழ்வதால் வந்த பெயர் இது. எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909-இல் வெளியிட்ட தொகுதிகளில் இந்தக் கதையைப் பதிந்து வைத்திருக்கிறார்.

கரியாலூர் இருக்கும் கல்வராயன் மலையில் இன்னொரு கதையும் வழங்குகிறது. அது ஆண்டவர்களின் கதை. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஆகியோரின் மூன்று ஜாகீர்களும், அதாவது மானியமாக வந்த ஆட்சி நிலங்களும், விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் கொடுத்தவை என்பார்கள். வெள்ளையர் ஆட்சி போய், நாடு குடியரசான பிறகும் ஜாகீர் போகவில்லை. 1976-இல்தான் அரசு இந்த மலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அதே காலத்தில் ரோமாபுரியில் போப்பாண்டவர்களும் அரசர்களாகத்தான் இருந்தார்கள். நடு இத்தாலி அவர்கள் ஆட்சியில் இருந்தது. சொந்தப் படை, சொந்த வரி, சொந்தச் சிறை எல்லாம் உண்டு. போப் இரண்டாம் ஜூலியஸ் 1511 ஜனவரியில், கொட்டும் பனியில், 67 வயதில், மிராந்தோலாக் கோட்டை முற்றுகைக்குத் தானே போய் நின்றார். சிஸ்டைன் தேவாலயத்தின் கூரையில் மைக்கலாஞ்சலோவை ஓவியம் தீட்ட வைத்தவரும் இவர்தான்.

திருச்சபைக்கு இந்த மண் எப்படி வந்தது? அதற்கும் ஒரு பட்டயக் கதை இருந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்குத் தொழுநோய் கண்டது. போப் சில்வெஸ்டர் ஞானஸ்நானம் கொடுத்ததும் நோய் நீங்கியது. நன்றிக்கடனாக ரோமையும் மேற்கு நாடுகளையும் பேரரசர் போப்புக்கு எழுதி வைத்தார். இதுதான் கதை. 'கான்ஸ்டன்டைனின் தானம்' என்ற அந்த ஆவணத்தைக் காட்டியே இடைக்காலத்தில் பல வழக்காடல்கள் நடந்தன.

1440-இல் லொரென்சோ வல்லா என்ற அறிஞர் அதைக் கையில் எடுத்தார். நேப்பிள்ஸைப் பிடிக்கப் போப்போடு மோதிக்கொண்டிருந்த அல்போன்சோ மன்னரின் நிழலில் இருந்தவர் அவர். ஆகவே அரசியல் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கையாண்ட ஆயுதம் இலக்கணம். ரோம் நகரத்து அதிகாரிகளைப் பற்றிப் பேசும் இடத்தில் 'சத்ராப்' என்ற சொல் எப்படி வந்தது? அது பாரசீக மாகாண ஆளுநரின் பட்டம் அல்லவா? இன்னும் கான்ஸ்டான்டிநோபிள் நகரமே எழாத நாளில் அதன் திருச்சபைத் தலைமை ஆவணத்தில் எப்படி இடம்பெற்றது? இப்படிச் சொல் சொல்லாகப் பிரித்துப் போட்டு, இது நான்காம் நூற்றாண்டு லத்தீனே அல்ல என்று காட்டினார். 8-ஆம் நூற்றாண்டில் புனைந்தது என்பதே இன்றைய அறிஞர்களின் முடிவு. என் கணிப்பில், மறுமலர்ச்சிக் காலம் உலகுக்குத் தந்த ஓவியங்களுக்குச் சற்றும் குறையாத கொடை இந்த வாசிப்பு.

பொய் வெளிப்பட்டும் படம் நின்றது. வத்திக்கானில் கான்ஸ்டன்டைன் பெயரால் அமைந்த மண்டபத்தின் சுவரில், ரஃபேலின் மாணவர்கள் அதே தானக் காட்சியை 1520-களில் பெரிதாகத் தீட்டினார்கள். வல்லா எழுதி 80 ஆண்டு கழிந்திருந்தது.

எழுதிக் கொடுக்கும் பழக்கமும் நிற்கவில்லை.       1493 மே மாதம் போர்ஜியா குடும்பத்துப் போப் ஆறாம் அலெக்சாண்டர் ஓர் ஆணையிட்டார். அசோர்ஸ், கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 100 லீக் தொலைவில் கடலில் ஒரு கோடு. அதற்கு அப்பால் உள்ள நிலமெல்லாம் ஸ்பெயினுக்கு. அந்த ஆணையில் கான்ஸ்டன்டைன் பெயர் இல்லை. பேதுரு வழி வந்த அதிகாரத்தால் தருவதாகவே எழுதியிருந்தார். மறு ஆண்டு தொர்தெசில்லாஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் கோட்டை 370 லீக்குக்கு நகர்த்திக்கொண்டன. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது இந்தப் பாகப்பிரிவினையின் பலத்தோடுதான். இப்படிப் பிரித்த நிலங்களில் ஏற்கெனவே குடியிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2023 மார்ச் 30 அன்று, இத்தகைய ஆணைகளின் மேல் எழுந்த, கண்டடைந்த நாடு கண்டவருக்கே என்னும் 'கண்டுபிடிப்புக் கோட்பாட்டை' வத்திக்கான் வெளிப்படையாக மறுதலித்தது. 530 ஆண்டு ஆகியிருந்தது.

கரியாலூர்ப் பெரியவரின் கதைக்கு வருகிறேன். காஞ்சிக் கதையையும் வல்லாவைப் போலப் பிரித்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம், பார்க்க வேண்டும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. கான்ஸ்டன்டைன் கதை பிறர் மண்ணைக் கேட்டது. இந்த மூன்று விரல் கதை யார் மண்ணையும் கேட்கவில்லை. நாங்கள் எப்படி இங்கே வந்தோம் என்று மட்டும் சொல்கிறது. ஆள்பவன் காட்டும் பட்டயத்தைச் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். பட்டயமே இல்லாதவன் சொல்வதைப் பொறுமையோடு கேட்க வேண்டும்.

இதை நம் சட்டமும் ஏற்றிருக்கிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் உழுது வாழும் பழங்குடியினர் உரிமை கோரலாம். மனுவோடு குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். அரசுக் காகிதம் மட்டுமே சான்று அல்ல. ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்று என்று விதி சொல்கிறது. மனு செய்பவரே அந்தப் பெரியவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மலையில் படித்த பிள்ளைகள் இன்று பலர் இருக்கிறார்கள். தம்பி, தங்கைகளே, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் தெருப் பெரியவர்களிடம் உட்காருங்கள். எந்தக் கொல்லையை யாருடைய தாத்தா திருத்தினார், எந்தப் பாறை எல்லை, எந்த ஓடையில் தண்ணீர் எடுத்தார்கள் என்று பெயரோடும் தேதியோடும் எழுதி, அவர்களின் கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்கி, கிராம சபையில் கொடுங்கள்.