இருபத்தையாயிரம் லீராவின் கதை

தூரின் என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் வாசகர்க்கு இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, ஆதரவற்ற சிறுவர்களைத் தம் பிள்ளைகளாக அணைத்துக்கொண்ட தொன் போஸ்கோ. மற்றொன்று, அந்நகரில் பேணப்பட்டு வரும் திருத்துணி. அந்நகருக்கு மூன்றாவது புகழ் ஒன்றும் உண்டு. அது ஆலயத்தைச் சேர்ந்ததன்று, ஆலையைச் சேர்ந்தது. 1899-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்கே ஒரு மோட்டார் தொழிற்சாலை தோன்றியது. அதன் நீண்ட இத்தாலியப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'பியட்' என்று அழைத்தனர். இலத்தீன் மொழியில் இச்சொல்லுக்கு 'ஆகட்டும்' என்பது பொருள். கபிரியேல் தூதருக்கு மரியா அளித்த மறுமொழியை இறையியலார் இச்சொல்லாலேயே குறிப்பர். குருமடத்தில் நாம் இலத்தீன் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய நாள்களில், வாயிலில் பியட் கார் ஒன்று வந்து நின்றால் 'ஆகட்டும் வந்துவிட்டது' என்று நமக்குள் நகைத்துக்கொள்வது வழக்கம்.

அந்தத் தொழிற்சாலை 1957-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சின்னஞ்சிறு காரின் வரலாற்றையே இங்கு எண்ணிப்பார்க்க விழைகிறோம். கார் ஓட்டத் தெரியாத நமக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர் வினவலாம். இயந்திரத்தைப் பற்றிய அக்கறையன்று. எளிய மனிதருக்கென்று ஒரு பொருளைச் செய்பவர்கள் அம்மனிதரை எவ்வாறு மதிக்கிறார்கள் என்பதைப் பற்றிய அக்கறை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது இத்தாலி நொறுங்கிக் கிடந்தது. கார் என்பது செல்வரின் உடைமை. அவ்வேளையில் எளியவருக்குக் கை கொடுத்தது ஸ்கூட்டர். 1946-இல் வெஸ்பாவும் 1947-இல் லாம்பிரெட்டாவும் வந்தன. இளைஞர் கூட்டம் அவற்றின்மீது ஏறிக்கொண்டது. திருமணமானதும் மனைவி பின்னே அமர்ந்தாள்; பிறகு முன்னே ஒரு குழந்தை நின்றது; மழை வந்தால் மூவரும் நனைந்தனர். இந்தக் காட்சியை நம்மவருக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த ஸ்கூட்டர் குடும்பத்துக்கு நான்கு சக்கரமும் ஒரு கூரையும் தரவேண்டும் என்பதே பியட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் தாந்தே ஜக்கோசாவுக்கு இடப்பட்ட பணி. 1905-இல் பிறந்த இவர், முப்பது வயதை எட்டும் பருவத்திலேயே 'தொப்பொலீனோ' என்னும் இருவர் காரை வடிவமைத்தவர். 'சுண்டெலி' எனப் பொருள்படும் அப்பெயரே மிக்கி மவுஸுக்கும் இத்தாலியர் இட்ட பெயர். 1936-இல் வெளிவந்த அந்தக் கார் ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்றது. எனினும் அதனை வாங்கியவர் பெரும்பாலும் நடுத்தர வகுப்பினரே. 1955-இல் நால்வர் அமரும் '600' வந்தது. அதன் விலை 5,90,000 லீரா. ஸ்கூட்டர்க்காரனுக்கு அதுவும் எட்டாக் கனி.

ஆகவே இன்னும் சிறியது, இன்னும் மலிவானது வேண்டும். ஜக்கோசா ஒவ்வொரு கிலோ எஃகையும் எண்ணி எண்ணிச் செலவிட்டார். தட்டையான தகடு எளிதில் வளையும். வளைவான தகடோ முட்டையோட்டைப் போல் மெலிதாக இருந்தும் உறுதியாக நிற்கும். எனவே உடல் முழுவதையும் உருண்டையாக்கினார். கூரையில் தகட்டுக்குப் பதிலாகச் சுருட்டி மடிக்கும் துணியை இட்டார். எஃகும் மிச்சம், பின்னாலிருந்து வரும் இயந்திர இரைச்சல் உள்ளே அடைபடாமல் வெளியேறவும் வழி. இரண்டே உருளைகள் கொண்ட 479 கன சென்டிமீட்டர் இயந்திரம், காற்றினாலேயே குளிர்வது, பின்புறத்தில் பொருத்தப்பட்டது. அதன் ஆற்றல் 13 குதிரைத்திறன். காரின் நீளமோ மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இன்று உலகமே கொஞ்சி மகிழும் அந்தக் குண்டு வடிவம் அலங்காரத்திற்காகப் பிறந்ததன்று. சிக்கனம் பெற்ற பிள்ளை அது. திறந்த கூரையின் வழியே வானம் தெரிவது இளைஞருக்குப் பேரின்பமாயிற்று. கணக்குப் போட்டவருக்கோ அது மிச்சம் பிடித்த எஃகு.

1957-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் 'புதிய 500' என்னும் பெயருடன் இக்கார் அறிமுகமாயிற்று. விலை 4,90,000 லீரா. நிறுவனத்தார் கூட்டம் அலைமோதும் என்று காத்திருந்தனர். கூட்டம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதுதான் நாம் ஊன்றி நோக்க வேண்டியது. சிக்கனம் எல்லை கடந்திருந்தது. கதவுக் கண்ணாடிகள் இறங்கமாட்டா. மூலையிலிருந்த சிறு முக்கோணக் கண்ணாடியைத் திறந்துதான் காற்று வாங்க வேண்டும். பின்னிருக்கை என்று சொல்லத்தக்க ஒன்றில்லை. சாமான் வைக்கும் பலகையே இருந்தது. சக்கரத்துக்கு மூடியில்லை, பளபளக்கும் பட்டை ஒன்றுகூட எங்கும் இல்லை. ஸ்கூட்டரில் நனைந்து வந்தவனுக்கு இதுவே போதும் என்று கணக்கிட்டவர் எண்ணியிருக்க வேண்டும். அவனோ அப்படி எண்ணவில்லை. பல மாத ஊதியத்தைச் சேர்த்து, மீதிக்குக் கடன் முறிகளில் கையொப்பமிட்டு வாங்கப்போகும் ஒரு பொருள் 'நீ ஏழை' என்று தெருவெல்லாம் பறைசாற்றிக்கொண்டு வருவதை அவன் விரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்து '600' வாங்கலாம், இல்லையேல் ஸ்கூட்டரே போதும் என்று ஒதுங்கிக்கொண்டான்.

பெருநிறுவனங்கள் பொதுவாகத் தம் பிழையை ஒப்புக்கொள்வதில்லை. இங்கு நிகழ்ந்தது வேறு. சில மாதங்களுக்குள்ளாகவே அந்த வெற்றுக் காரைச் சற்றுத் திருத்தி, 'சிக்கனம்' என்னும் பெயரில் 4,65,000 லீராவுக்குக் குறைத்தனர். இறங்கும் கண்ணாடி, மெத்தையிட்ட பின்னிருக்கை, சக்கர மூடிகள், ஒரு மெல்லிய ஒளிர்பட்டை ஆகியவற்றோடு 'இயல்பு' என்னும் மற்றொரு வகையைப் பழைய விலைக்கே கொடுத்தனர். இயந்திரத்தின் ஆற்றலும் சிறிது கூட்டப்பட்டது. அதற்கு முன்பே 4,90,000 செலுத்தி வெற்றுக் காரை வாங்கிவிட்டவர்கள் என்ன ஆவது? அவர்களுக்கு ஆளுக்கு 25,000 லீரா திருப்பிக் கொடுக்கப்பட்டது. வாணிகத் தந்திரம் என்று இதனை ஒதுக்கிவிடலாம். இருக்கட்டும், கொடுத்தது கொடுத்ததுதான். இந்த வரலாற்றில் நம் உள்ளத்தைத் தொட்ட பகுதி இதுவே.

அதன்பிறகு கார் ஓடத் தொடங்கியது. 1958-இல் சிவப்புக் கோடிட்ட வேக வகை ஒன்று வந்தது. தூரின் நகரிலேயே பட்டறை வைத்திருந்த கார்லோ அபார்த் இதே காரை முடுக்கிவிட்டு, மோன்சா பந்தயத் தளத்தில் ஏழு நாள்கள் இரவும் பகலும் ஓட்டிக் காட்டினார். ஏளனமாகப் பார்க்கப்பட்ட குட்டிக் கார் இளைஞரின் கனவாயிற்று. 1959-இல் வடிவமைப்புக்கென இத்தாலியில் வழங்கப்படும் 'தங்கக் கவராயம்' என்னும் உயர் விருதும் கிட்டியது. 1964-இல் மிலானிலிருந்து நேப்பிள்ஸ் வரையிலான 'கதிரவன் நெடுஞ்சாலை' முழுமையடைந்தபோது, கூரைமேல் பெட்டி கட்டி, உள்ளே குடும்பத்தை அடைத்துக்கொண்டு ஆகஸ்டு விடுமுறைக்குத் தெற்கே செல்லும் குட்டிக் கார்கள் அச்சாலையின் அடையாளமாயின. 1968-இல் சாய்விருக்கையும் தரைவிரிப்பும் கொண்ட அழகு வகை வந்தது. 1975-இல் சிசிலித் தீவின் தெர்மினி இமெரேசே ஆலையில் கடைசிக் கார் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 39 இலட்சத்தை நெருங்கியிருந்தது.

இக்காரைப் பாடிப் புகழ்வோர் பலர், அதனைச் செய்த கைகளை மறந்துவிடுகின்றனர். தென் இத்தாலியிலிருந்து வேலை தேடி இலட்சக்கணக்கான இளைஞர் தூரின் நகருக்கு வந்தனர். 'தெற்கத்தியாருக்கு வாடகைக்கு இல்லை' என்ற அறிவிப்பு வீட்டு வாயில்களில் தொங்கிய காலம் அது. பகலெல்லாம் கார் செய்தவன் இரவில் நெரிசலான அறையில் முறை வைத்து உறங்கினான். 1969-இன் இலையுதிர் காலத்தில் ஆலைகள் கொந்தளித்தன. தூரின் பேராயர் கர்தினால் மிக்கேலே பெல்லெக்ரீனோ 1971-இல் வெளியிட்ட 'இணைந்து நடத்தல்' என்னும் மேய்ப்புப்பணி மடல் வறுமை, விடுதலை, உடன்பிறப்புணர்வு என்னும் மூன்றையும் பற்றிப் பேசியது. தொழிலாளர் பக்கம் சாய்கிறார் என்று அவரைக் குறை கூறியவர் உண்டு. சாலையில் காரைக் கண்டு மகிழ்ந்த நகரம், அதைச் செய்தவனுக்கு ஒரு வாடகை அறை தரத் தயங்கியது. இளையோருக்கென அழகிய பொருள் செய்த இடத்திலேயே இளையோரின் மாண்பு இப்படி மிதிபட்டதை அழகின் பெயரால் மறைத்துவிடலாகாது.

பிறந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2007-ஆம் ஆண்டு அதே சூலை 4-ஆம் நாள், புத்துருவில் '500' மீண்டும் வெளியிடப்பட்டது. அதே குண்டுக் கன்னங்கள், அதே வட்டக் கண்கள். இயந்திரம் முன்புறம் போயிற்று. செய்யப்பட்ட இடமும் போலந்து நாட்டின் திகி நகராயிற்று. அதே நிறுவனத்தின் 'பாண்டா' என்னும் எளிய காரின் அடித்தளத்தில் எழுந்த இப்புதியவள், அந்தப் பாண்டாவைவிட விலை கூடியவள். வேண்டிய வண்ணம், வேண்டிய பட்டை, வேண்டிய பொருத்துகள் என்று நகரத்து இளைஞர் தேடித் தேடி வாங்கினர். எஃகை மிச்சப்படுத்த வளைந்த வளைவு இப்போது வளைவுக்காகவே வளைந்தது. 2017-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் பழைய '500' ஒன்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வாஷிங்டன் நகரில் இறங்கியபோது, வரிசையாய் நின்ற பெருங்கார்களுக்கு நடுவே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கருநிற '500 எல்' ஒன்றில் ஏறிச் சென்றதைத் தொலைக்காட்சியில் கண்டு நாம் வியந்ததும் நினைவுக்கு வருகிறது. அது பழைய குட்டிக் காரைவிட மிகப் பெரியது; ஆனாலும் அந்தப் பாதுகாவலர் வண்டிகளுக்கு இடையில் சுண்டெலியாகவே தெரிந்தது!

2008-ஆம் ஆண்டில் இக்கதை நம் நாட்டையும் தொட்டது. அவ்வாண்டு இந்தப் புதிய '500' இறக்குமதியாகி, ஏறக்குறைய 15 இலட்ச ரூபாய்க்கு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. வாங்குவோர் மிகச் சிலரே. அதே ஆண்டு சனவரி 10-ஆம் நாள் புதுதில்லியில் ஒரு இலட்ச ரூபாய் காராக 'நானோ' காட்சிக்கு வைக்கப்பட்டது. ஸ்கூட்டரில் நனைந்து செல்லும் குடும்பத்தைக் கண்டு மனமிரங்கியதே இதற்குத் தூண்டுதல் என்று இரத்தன் டாட்டா கூறினார். இரண்டு உருளைகள், பின்புற இயந்திரம், உருண்டை உடல். ஜக்கோசாவின் சிந்தனை அரை நூற்றாண்டுக்குப்பின் நம் மண்ணில் மறுபிறவி எடுத்தது என்றே சொல்லலாம். ஆனால் உலகமெங்கும் அதற்குச் சூட்டப்பட்ட பட்டம் 'மிக மலிவான கார்' என்பது. ஒரே துடைப்பான், ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒரு கண்ணாடி, திறவாத பின்கதவு. மேற்கு வங்கத்துச் சிங்கூரில் எழுந்த நிலச் சிக்கலால் ஆலை குசராத்துக்கு மாறியதும் தாமதத்தை விளைவித்தது. ஆயினும் அந்தப் பட்டமே பெருஞ்சுமையாயிற்று. மலிவு என்று முழங்கியது தவறு என்று பிற்காலத்தில் இரத்தன் டாட்டாவே ஒப்புக்கொண்டார். பிறகு பவர் ஸ்டீயரிங், புது வண்ணங்கள், திறக்கும் பின்கதவு என்று இளைஞரை நோக்கி மாற்றங்கள் வந்தன, காலம் கடந்துவிட்டது. 2018 சூன் திங்களில் செய்யப்பட்டது ஒரே ஒரு கார்.

தூரினில் சில மாதங்களில் உணர்ந்து திருத்தியதை இங்கே திருத்தப் பல ஆண்டுகள் ஆயின. இதைச் சொல்லி நகைப்பது நம் நோக்கமன்று. நானோவைச் செய்தவரின் எண்ணம் நல்லெண்ணமே என்று நம்புகிறோம். நல்லெண்ணத்துக்கும் மதிப்புக்கும் இடையே எங்கோ ஒரு சாளரக் கண்ணாடி அளவுக்கு வேறுபாடு இருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, பூசை முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த பெயிண்டர் ஒருவர் வந்து நின்றார். "சாமி, வண்டி வாங்கியிருக்கோம். மந்திரிச்சுத் தரணும்" என்றார். புதிய வண்டி வாங்குவோர் கெபிக்கு முன்னால், எல்லாரும் காணும்படி நிறுத்துவதே வழக்கம். இவருடைய வண்டியை அங்கே காணோம். கோவிலின் பின்பக்கம், பூவரச மரத்தடியில் நிறுத்தியிருந்தார். கைமாறி வந்த பழைய சிறு கார். "சின்னதுதான் சாமி, பழசு" என்று அவராகவே சொன்னார். அவர் மனைவி சேலைத் தலைப்பால் முன்கண்ணாடியை மீண்டும் ஒருமுறை துடைத்தார். வண்டியை முன்னே கொண்டுவரச் சொன்னோம், தயங்கித்தான் கொண்டுவந்தார். பின்னிருக்கையில் அவருடைய சிறு மகள் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தாள். தீர்த்தச் செம்போடு நாம் அருகே சென்றபோது அதனை முழுவதும் இறக்கிவிட்டு, முகத்தை வெளியே நீட்டிக் காத்திருந்தாள்.