2 மாதத்தில் பறிபோன பிரதமர் பதவி... கோர்ட் விடுவித்தும் திரும்பாத நாற்காலி: யார் இந்த அன்னெலி யாட்டேன்மாக்கி?

பின்லாந்தின் பெண் பிரதமர் என்றதும் பலருக்கும் சட்டென நினைவுக்கு வருபவர் சன்னா மரின். 2019 டிசம்பரில், 34 வயதில் பிரதமராகி உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானவர். ஆனால், அந்த நாட்டின் முதல் பெண் பிரதமர் அவர் இல்லை. இரண்டாவது பெண் பிரதமர்கூட இல்லை, மூன்றாவது.

முதலாமவரின் பெயர் அன்னெலி யாட்டேன்மாக்கி. 2003 ஏப்ரலில் பதவிக்கு வந்தார். ஜூன் மாதம் முடிவதற்குள் பதவியை இழந்தார். ஊழல் புகார் இல்லை, கட்சித் தாவல் இல்லை, கூட்டணியில் தொகுதிச் சண்டையும் இல்லை. சில பக்க அரசு ஆவணங்களும், அவை கைக்கு வந்த விதம் பற்றி நாடாளுமன்றத்தில் அவர் சொன்ன பதிலும்தான் காரணம். அடுத்த ஆண்டே நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. ஆனாலும் அந்த நாற்காலி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அப்படி என்னதான் நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இவர்?

1955 பிப்ரவரியில் மேற்கு பின்லாந்தின் லாபுவா என்ற ஊரில் பிறந்தவர் யாட்டேன்மாக்கி. சட்டம் படித்தவர். 1987-ல், 32 வயதில், சென்டர் கட்சி சார்பில் முதல் முறையாக நாடாளுமன்ற உறுப்பினரானார். இந்தக் கட்சியின் பழைய பெயர் விவசாயிகள் கட்சி. 1965-ல்தான் சென்டர் கட்சி என்று பெயர் மாற்றினார்கள். இன்றும் அதன் பலம் நகரங்களைவிட கிராமங்களில்தான் அதிகம்.

பிரதமர் எஸ்கோ அஹோவின் அமைச்சரவையில் 1994-ல் நீதித்துறை அமைச்சரானார். ஓராண்டுதான் அந்தப் பதவி. 1995 தேர்தலில் சென்டர் கட்சி தோற்க, சமூக ஜனநாயகக் கட்சியின் பாவோ லிப்போனன் பிரதமரானார். அதன்பிறகு 8 ஆண்டுகள் சென்டர் கட்சி எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார வேண்டியதாயிற்று.

இந்த இடைவெளியில்தான் யாட்டேன்மாக்கிக்கு வழி திறந்தது. 2000-ம் ஆண்டு அதிபர் தேர்தலில் எஸ்கோ அஹோ, தார்யா ஹலோனனிடம் நூலிழையில் தோற்றார். பிறகு அவர் ஓராண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட, கட்சியைத் தற்காலிகமாக நடத்தியவர் யாட்டேன்மாக்கி. 2002 ஜூனில் அவரே முழுநேரத் தலைவராகத் தேர்வானார். அடுத்த 9 மாதத்தில் பொதுத்தேர்தல்.

தேர்தல் களத்தில் ஈராக் எப்படி வந்தது?

2003 மார்ச் 16-ம் தேதி வாக்குப்பதிவு. அந்த நேரத்தில் உலகம் முழுக்க ஒரே பேச்சு, ஈராக் மீது அமெரிக்கா எப்போது தாக்குதல் நடத்தும் என்பதுதான். வாக்குப்பதிவு முடிந்த நான்காவது நாளே, மார்ச் 20-ல் போர் தொடங்கியது.

இதில் பின்லாந்துக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ரஷ்யாவுடன் 1,300 கிலோமீட்டருக்கும் மேல் எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எந்த ராணுவ அணியிலும் சேராமல் ஒதுங்கி இருப்பதுதான் அப்போது அதன் வழக்கமாக இருந்தது. நேட்டோவில் பின்லாந்து சேர்ந்ததே 2023 ஏப்ரலில்தான். அப்படிப்பட்ட நாட்டின் தலைவர் ஒரு போரில் ஒரு பக்கம் சாய்ந்தார் என்ற சந்தேகம் வந்தாலே அங்கே பெரிய விஷயம்.

அந்தச் சந்தேகத்தைத்தான் யாட்டேன்மாக்கி கையில் எடுத்தார். 2002 டிசம்பரில் வாஷிங்டன் சென்ற பிரதமர் லிப்போனன், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷைச் சந்தித்திருந்தார். ஈராக் விவகாரத்தில் அமெரிக்கா திரட்டும் கூட்டணிக்கு அங்கே அவர் ஆதரவு சொல்லிவிட்டு வந்தாரா? இதுதான் யாட்டேன்மாக்கியின் கேள்வி. பின்லாந்தை அப்படி எதிலும் சிக்கவைக்கவில்லை என்று லிப்போனன் மறுத்தார். ஆனால் அந்தச் சந்திப்பு பற்றிய வெளியுறவு அமைச்சக ஆவணங்களில் இருந்த விவரங்கள், தேர்தல் நெருங்கிய நேரத்தில் செய்தித்தாள்களுக்கும் வந்து சேர்ந்தன.

சுமார் 6,000 வாக்கு வித்தியாசம்

முடிவுகள் வந்தபோது போட்டி எவ்வளவு நெருக்கம் என்பது தெரிந்தது. சென்டர் கட்சிக்கு 24.7 சதவீதம், 55 இடங்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 24.5 சதவீதம், 53 இடங்கள். நாடு முழுவதும் இரண்டு கட்சிகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் சுமார் 6,000 வாக்குகள் மட்டுமே.

பின்லாந்து நாடாளுமன்றத்தில் மொத்தம் 200 இடங்கள். எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைப்பது அங்கே நடைமுறையில் இல்லை. அதிக இடம் பிடித்த கட்சி மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைக்கும். யாட்டேன்மாக்கி சேர்த்துக்கொண்டது யாரைத் தெரியுமா? தேர்தலில் தான் மோதிய அதே சமூக ஜனநாயகக் கட்சியை! கூடவே ஸ்வீடிஷ் மக்கள் கட்சியும் சேர்ந்தது. லிப்போனன் சபாநாயகரானார்.

ஏப்ரல் 17-ம் தேதி யாட்டேன்மாக்கி பிரதமராகப் பதவியேற்றார். அதிபராக ஏற்கெனவே தார்யா ஹலோனன் இருந்தார். ஐரோப்பாவில் அதிபர், பிரதமர் என இரண்டு பதவிகளிலும் ஒரே நேரத்தில் பெண்கள் அமர்ந்த முதல் நாடு பின்லாந்து என்று செய்திகள் கொண்டாடின. 1906-லேயே பெண்களுக்கு வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் கொடுத்த நாட்டில், இந்த இடத்துக்கு ஒரு பெண் பிரதமர் வருவதற்கு 97 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆவணம் எப்படி வந்தது?

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். வெளியுறவு ஆவணங்கள் வெளியே போனது எப்படி என்று போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்தது. விசாரணை போய் நின்ற இடம் அதிபர் அலுவலகம். ஹலோனனின் ஆலோசகராக இருந்த மார்த்தி மன்னினன்தான் அந்த விவரங்களை யாட்டேன்மாக்கிக்கு ஃபேக்ஸ் அனுப்பியிருந்தார்.

அனுப்பியவர் யார் என்பது தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே கேள்விதான். யாட்டேன்மாக்கி கேட்டு அவர் அனுப்பினாரா, கேட்காமலேயே அனுப்பினாரா?

சின்ன வித்தியாசம் போலத் தெரியலாம். ஆனால் விஷயமே அதில்தான். ரகசிய ஆவணம் தானாக வந்து சேர்ந்தது என்றால், வாங்கியவர் மீது பெரிதாகக் குற்றம் சொல்ல முடியாது. அவரே கேட்டு வாங்கினார் என்றால், அரசு அதிகாரியை ரகசியத்தை மீறத் தூண்டியதாகிவிடும்.

2003 ஜூன் 18-ம் தேதி நாடாளுமன்றத்தில் எழுந்து விளக்கம் சொன்னார் யாட்டேன்மாக்கி. 'கேட்காமலேயே, எதிர்பாராமல்' அந்த ஃபேக்ஸ் தனக்கு வந்தது என்பதுதான் அவர் பதிலின் சாரம். மன்னினன் சொன்னதோ நேர்மாறு. தன்னிடம் கேட்டதால்தான் கொடுத்தேன் என்றார் அவர்.

இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். கூட்டணியில் இருந்த சமூக ஜனநாயகக் கட்சிக்கு, தங்கள் தலைவரைத் தேர்தலில் வீழ்த்திய அதே ஆவண விவகாரம் இது. பிரதமர் மீது நம்பிக்கை போய்விட்டது என்று அந்தத் தரப்பு கருதியது. அன்று மாலையே யாட்டேன்மாக்கி ராஜினாமாவை அறிவித்தார். பதவியேற்று அப்போது 9 வாரங்கள்கூட முழுதாக ஆகவில்லை. கட்சித் தலைமையும் கையை விட்டுப் போனது.

'கேட்காமலேயே, எதிர்பாராமல்' என்ற அந்தச் சொற்றொடர் பின்லாந்தில் அன்றாடப் பேச்சிலேயே கலந்துவிட்டது. நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால், கிண்டலாக இதைச் சொல்வார்கள்.

அரசு கவிழ்ந்ததா?

பிரதமர் விலகினால் மொத்த அமைச்சரவையும் விலக வேண்டும் என்பது பின்லாந்து அரசமைப்புச் சட்டத்தின் விதி. ஆனால் மறுதேர்தல் தேவைப்படவில்லை. அதே மூன்று கட்சிகளும் கூட்டணியைத் தொடர்ந்தன. யாட்டேன்மாக்கி அமைச்சரவையில் பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்த மாத்தி வன்ஹானனை, ஜூன் 24-ம் தேதி நாடாளுமன்றம் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது. அவர் 2010 வரை, 7 ஆண்டுகள் பதவியில் நீடித்தார்.

அதாவது, கட்சி தோற்கவில்லை, கூட்டணி உடையவில்லை. பிரதமர் மட்டும் மாறினார்.

கோர்ட் என்ன சொன்னது?

வழக்கு ஹெல்சின்கி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. ரகசியத்தை மீற உடந்தையாக இருந்தார் அல்லது தூண்டினார் என்பது யாட்டேன்மாக்கி மீதான குற்றச்சாட்டு. 2004 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. யாட்டேன்மாக்கி எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார். அலுவல் ரகசியத்தை மீறியதாக மன்னினனுக்கு மட்டும் அபராதம். பின்லாந்தில் இப்படியான அபராதம் ஒரே தொகையாக இருக்காது. குற்றவாளியின் வருமானத்தை வைத்து, இத்தனை நாள் கணக்கு என்று போடுவார்கள்.

இந்தத் தீர்ப்பு 9 மாதம் முன்பே வந்திருந்தால் பதவி தப்பித்திருக்குமா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. காரணம், நீதிமன்றம் கேட்கும் கேள்வி வேறு, நாடாளுமன்றம் கேட்கும் கேள்வி வேறு. குற்றம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். இந்தப் பிரதமர் சொல்வதை இனி நம்பலாமா என்று நாடாளுமன்றம் பார்க்கும். முதல் கேள்வியில் யாட்டேன்மாக்கி ஜெயித்தார். இரண்டாவதில், தீர்ப்பு வருவதற்கு முன்பே தோற்றுவிட்டார். லிப்போனன் மக்களிடம் உண்மையைச் சொல்கிறாரா என்று தேர்தலில் அவர் வீசிய கேள்விதான், மூன்றே மாதத்தில் அவரை நோக்கித் திரும்பி வந்தது.

அதன்பிறகு என்ன ஆனார்?

அரசியலைவிட்டு ஒதுங்கிவிடவில்லை. விடுதலையான சில மாதங்களிலேயே, 2004 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நின்றார். கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் பேர் அவர் பெயருக்கே வாக்களித்தார்கள். பின்லாந்தில் கட்சிக்கு மட்டுமல்ல, தனி வேட்பாளருக்கே வாக்கு என்பதால், நீ எங்களுக்கு வேண்டும் என்று மக்கள் நேரடியாகச் சொன்னது போலத்தான் அது. 2009, 2014 தேர்தல்களிலும் வென்று, 2019 வரை 15 ஆண்டுகள் அங்கே இருந்தார். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் துணைத் தலைவர்களில் ஒருவராகவும் பணியாற்றினார்.

அங்கே அவர் கையில் வந்த வேலைகளில் ஒன்று கவனிக்க வேண்டியது. ஐரோப்பிய ஒன்றிய அலுவலகங்கள் மீது மக்கள் தரும் புகார்களை விசாரிக்க, ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பு அதிகாரி இருக்கிறார். விசாரணைக்கு ஆவணம் கேட்டால், ரகசியம் என்று காரணம் சொல்லி அலுவலகங்கள் மறுக்க அதுவரை இடம் இருந்தது. அந்த விதியைத் திருத்துவதற்கான அறிக்கையை நாடாளுமன்றத்தில் முன்வைக்கும் பொறுப்பு யாட்டேன்மாக்கியிடம் வந்தது. ஆவணங்களைப் பார்க்க ஓம்புட்ஸ்மனுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் அந்த முடிவின் தேதி 2008 ஜூன் 18. ரகசிய ஆவணத்தால் அவர் பிரதமர் பதவியை இழந்த அதே நாள், சரியாக 5 ஆண்டுகள் கழித்து.

முக்கியத் தேதிகள் ஒரே பார்வையில்

1987: முதல் முறையாக நாடாளுமன்ற உறுப்பினர்
1994-95: நீதித்துறை அமைச்சர்
2002 ஜூன்: சென்டர் கட்சித் தலைவர்
2003 மார்ச் 16: தேர்தல் வெற்றி
2003 ஏப்ரல் 17: பிரதமராகப் பதவியேற்பு
2003 ஜூன் 18: ராஜினாமா அறிவிப்பு
2003 ஜூன் 24: மாத்தி வன்ஹானன் புதிய பிரதமர்
2004 மார்ச்: வழக்கிலிருந்து விடுதலை
2004-2019: ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்

யாட்டேன்மாக்கிக்குப் பிறகு அடுத்த பெண் பிரதமரும் அதே சென்டர் கட்சியிலிருந்துதான் வந்தார். 2010-ல் பதவியேற்ற மரி கிவினியெமி, அடுத்த ஆண்டு தேர்தல் வரை ஆட்சி நடத்தினார். 2019-ல் சன்னா மரின் வந்தபோது, பின்லாந்தில் ஒரு பெண் பிரதமராவது புதிய செய்தியாக இல்லை. அவருடைய வயதுதான் செய்தியாக இருந்தது.