சைலன்சர் கடகடப்பு

சைலன்சர் கடகடப்பு என்பது காரின் புகைபோக்கித் தொடரில் ஏதேனும் ஓர் உறுப்பு தளர்வதாலோ, துருப்பிடிப்பதாலோ, உள்ளுக்குள் உடைவதாலோ எழும் உலோக ஒலி. எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டில் தொடங்கி, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், குழாய்கள், சைலன்சர் எனப் பின்பக்க வால்குழாய் வரை செல்லும் இந்தத் தொடர் முழுவதையும் பேச்சுத் தமிழில் 'சைலன்சர்' என்றே சொல்கிறோம். ஆகவே, 'சைலன்சர் சத்தம் போடுது' என்று பட்டறையில் வண்டியை விடுபவர் காரின் முன்னிருந்து பின்வரை எந்த இடத்தையும் குறிப்பிட்டிருக்கலாம்.

பெயரும் வரலாறும்

சைலன்சர் என்பது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர் மஃப்ளர் என்பர். நம்மை ஆண்டவர்களின் சொல்லே இங்கு நிலைத்தது. எஞ்சினின் ஒலியை அடக்கும் மஃப்ளருக்கு 1897இல் காப்புரிமை பெற்றவர்கள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ரீவ்ஸ் சகோதரர்கள். ஹைரம் பெர்சி மாக்சிமின் பெயரைச் சொல்வோரும் உண்டு. ஆனால் அவர் 1909இல் காப்புரிமை பெற்றது துப்பாக்கியின் ஒலியடக்கிக்கு. காரைப் பொறுத்தவரை முதன்மை ரீவ்ஸ் சகோதரர்களுக்கே உரியது. தொடக்ககாலக் கார்கள் பலவற்றில் 'கட்அவுட்' என்ற மிதி இருந்தது. அதை அழுத்தினால் புகை சைலன்சருக்குள் போகாமல் நேரே வெளியேறும். மேடேறும்போது கூடுதல் வலு கிடைக்கும் என்பது காரணம்; தெருவை அதிரவைக்கும் ஆசையும் அதில் கலந்திருந்தது. அந்த ஆசை இன்றைய இளைஞர்கள் கண்டுபிடித்ததல்ல.

தென்னிந்தியாவில் சைலன்சர் வேலைக்குப் பயிற்சி தந்த ஊர்களில் மைசூருவும் ஒன்று. அங்கே யாதவகிரியில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா தொழிற்சாலை, முதலில் ஜாவா, பிறகு யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்தது. ஜாவா 250இல் ஒரே சிலிண்டருக்கு இரண்டு புகைக்குழாய்கள், இரண்டு சைலன்சர்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் பெட்ரோலோடு எண்ணெயும் எரியும். கரி சைலன்சருக்குள் அப்பிக்கொள்ளும். உள்ளிருக்கும் துளைக்குழாயைக் கழற்றிக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கரி நீக்குவது வழக்கமான வேலை. திரும்பப் பூட்டும்போது சரியாக முடுக்காவிட்டால் அந்தக் குழாயே உள்ளே ஆடிக் கடகடக்கும். கழற்றிப் பார்க்க முடிந்த காலம் அது. கார்களின் சைலன்சரோ சுற்றிலும் மூடி வெல்டிங் செய்யப்பட்டது. உள்ளே என்ன உடைந்தது என்பதை ஒலியைக் கொண்டே அனுமானிக்க வேண்டும்.

அம்பாசடர், பத்மினி கார்களின் காலத்துச் சைலன்சர் வெறும் இரும்புத் தகடு. துருப்பிடித்து ஓட்டை விழும், கேஸ் வெல்டிங் வைத்தால் மறுபடி ஓடும். 1995 ஏப்ரல் முதல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. புகைக்குழாய்க்குள் பீங்கானாலான தேன்கூடு ஒன்று நுழைந்தது. கடகடப்புக்குப் புதிய பிறப்பிடம் ஒன்றும் கிடைத்தது.

ஒலி வகைகள்

இலக்கணத்தில் இரட்டைக்கிளவி எனப்படும் சொற்கள் இந்தப் பகுப்புக்குப் பொருத்தமாக வாய்த்திருக்கின்றன.

சலசலப்பு: குழாயின் வெப்பம் வண்டியின் அடித்தளத்தைத் தாக்காமல் தடுக்கும் மெல்லிய தகட்டின் ஒலி. போல்ட் துளையைச் சுற்றித் துருவேறித் தகடு தளர்ந்துவிடும். எஞ்சின் குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டும் தகடு அதோடு ஒத்ததிரும். ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்ததும் ஒலி மறையும். வந்து மறையும் ஒலி என்றால் முதல் சந்தேகம் இந்தத் தகட்டின் மீதுதான்.

கிலுகிலுப்பு: குழந்தையின் கிலுகிலுப்பையைப் போலப் பெட்டிக்குள் துண்டுகள் உருளும் ஒலி. கன்வெர்ட்டரின் தேன்கூடு உடைந்திருக்கும், அல்லது சைலன்சரின் உள்தடுப்புகள் கழன்றிருக்கும். பிளக் சரியாக எரியாமல் பெட்ரோல் குழாய்க்குள் போய் எரிவது, சூடான கன்வெர்ட்டர் திடீரென வெள்ளநீரில் முழுகுவது, வேகத்தடையில் அடிபடுவது ஆகியவை தேன்கூடு உடையக் காரணங்கள். உடைந்த துண்டுகள் புகைவழியை அடைத்தால் வண்டி இழுக்காது.

டொக்டொக்: குழாயைத் தொங்கவிடும் ரப்பர் அறுந்து, குழாய் வண்டியின் அடியில் மோதும் ஒலி. பள்ளத்திலும் வேகத்தடையிலும் கேட்கும். ரப்பர் நன்றாக இருந்தும் ஒலி வந்தால், எஞ்சின் மவுண்ட் தளர்ந்து தொடர் முழுவதையும் ஆட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

டிக்டிக்: உண்மையில் இது கடகடப்பே அல்ல. மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியாகப் புகை கசியும் ஒலி. காலையில் கிளப்பியதும் கேட்கும். சூடேறி உலோகம் விரிந்ததும் அடங்கும்.

துரு உள்ளிருந்து பிடிப்பதைப் பலர் அறிவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளிவருகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அது ஆவியாகவே போய்விடும். தெருமுனைக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டியில் குளிர்ந்து சைலன்சருக்குள் தங்கும். எஞ்சினுக்கு அருகிலுள்ள பாகத்தைவிடக் குளிர்ந்த பின்பாகம் முதலில் அரித்துப்போவது இதனால்தான்.

கண்டறிதலும் பழுதுநீக்கலும்

வண்டி நன்றாக ஆறிய பிறகு, பிட்டிலோ ஸ்டாண்டிலோ நிறுத்திப் பார்ப்பதே முறை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. கையால் குழாயை ஆட்டியும், ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டர், சைலன்சர், தகடு ஆகியவற்றை மெல்லத் தட்டியும் பார்த்தால் ஒலி பிறக்கும் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிரேக் டிஸ்க்கின் பின்தகட்டில் சிக்கிய சிறு கல்லும் இதே ஒலியைத் தரும் என்பதால், புதுச் சைலன்சர் வாங்குமுன் அதையும் பார்ப்பது நல்லது.

தளர்ந்த தகட்டுக்கு அகலமான வாஷரோ, குழாயைச் சுற்றிக் கட்டும் எஃகுக் கிளாம்போ போதும். செலவு மிகக் குறைவு. தகட்டையே கழற்றி எறியும் பழக்கம் தவறு. அது இல்லாவிட்டால் காய்ந்த புல்மேல் நிறுத்திய வண்டி தீப்பற்றலாம். ரப்பருக்குப் பதில் கம்பி கட்டுவது வீடுபோய்ச் சேர்வதற்கு மட்டும். ஓட்டைக்கு வெல்டிங் வைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். சுற்றுத் தகடு காகிதமாக மெலிந்திருந்தால் வெல்டிங் நிற்காது, மாற்றுவதே வழி. கசிவைத் தள்ளிப்போடக் கூடாது: புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, அது வண்டிக்குள் புகுந்தால் உயிரைப் பறிக்கும்.

உடைந்த தேன்கூட்டைத் தோண்டியெடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பூட்டித் தரும் பட்டறைகள் உண்டு. ஒலி நின்றுவிடும், செலவும் மிச்சம். ஆனால் அது பழுதுநீக்கல் ஆகாது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூட்டுக்குப் பழைய பொருள் சந்தையில் நல்ல விலை உண்டென்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டமும் இன்றைய நிலையும்

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி ஒவ்வொரு வாகனத்துக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பின், ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை மாசு விதிமுறை நடைமுறைக்கு வந்தது. புகையே வெளிவிடாத மின்சாரக் கார்களுக்குச் சைலன்சர் கிடையாது.